கோணல் காரட்

கத்தி இன்றைக்கு நிஜமாகவே காரட்டின் மேல் விழுந்தது.

பத்து நாட்களாக அது வெறும் பலகையைத்தான் தட்டிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் படுத்திருக்கும் மனைவிக்குக் கேட்கட்டும் என்று அவர் டக் டக்கென்று ஐந்து நிமிடம் தட்டுவார். பிறகு சத்தம் வராமல் காரட் துண்டுகள் கலந்த சூப் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் கொட்டுவார். குப்பைக்கூடையில் மேலாக ஒரு வெங்காயத் தோல். சாட்சிக்கு.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் வந்தவர்.

இதய ஆபரேஷன் முடிந்து அவள் வீடு திரும்பிய அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உப்பு ஆகாது, பாக்கெட் சாப்பாடு கூடவே கூடாது, அன்றன்றைக்கு வீட்டில் சமைத்ததுதான். அவரும் முதல் நாள் முயன்றார். பாத்திரம் கருகியது. அவள் வெறும் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

அது அவருக்குத் தாங்கவில்லை. மறுநாளே கடைக்கு ஓடினார். அவள் வேலை பார்க்கும் சூப் கம்பெனியின் பாக்கெட்டைத் தொடாமல் வேறு கம்பெனியுடையதாகப் பார்த்து வாங்கினார். மனிதரின் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

அவளும் தினம் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தாள். கீழ்வீட்டு அக்கா கொண்டுவரும் அவித்த கிழங்கையும் பழத்தையும் வேறு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நல்ல பசி, தேறிவிட்டாள் என்று அவர் பூரித்துப்போனார். அவள் கட்டிலை ஒட்டிய சன்னலில் இருந்த பெரிய தொட்டிச் செடிதான் ஏனோ வாடிக்கொண்டே வந்தது. செடியைக் கவனிப்பது அவள் பொறுப்பு என்பதால் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

நேற்று பரிசோதனைக்குப் போனார்கள். நர்ஸ் முடிவைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"பிரஷர் நல்லா கொறஞ்சிருக்கு, கால் வீக்கமும் இல்ல. உங்க கைச் சாப்பாடுதான் சார் அவங்கள காப்பாத்தியிருக்கு."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தை முதல்முறையாகப் படித்தார். உப்பின் அளவை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். இவளை நானே கொன்றிருப்பேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

மீதமிருந்த பாக்கெட்டுகளைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

இன்றைக்குக் காரட்டில் ஒரு துண்டு கட்டைவிரல் பருமன், இன்னொன்று நகக்கண் அளவு. தோலோடு வெங்காயமும் உரிபட்டது, கண்ணீரும் கொட்டியது. ஆள்காட்டி விரலில் கட்டு.

கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவள் கரண்டியால் கலக்கினாள். அடியிலிருந்து மேலே வந்த துண்டைப் பார்த்ததும் கை நின்றது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கம்பெனியில் காரட் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவள் இவள். அளவு தப்பிய துண்டைப் பொறுக்கி எறிவதுதான் இவள் உத்தியோகம்.

அவள் கரண்டியில் இருந்ததை வெகுநேரம் பார்த்தாள். அவர் விரல் கட்டைப் பார்த்தாள். பிறகு இருப்பதிலேயே கோணலான துண்டைத் தேடி எடுத்து முதலில் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குமாங்க?"

இத்தனை நாளில் அவள் இரண்டாம் தடவை கேட்டதே இல்லை. அவர் ஓடினார். ஊற்றும்போது ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சப்பென்று இருந்தது. காரட் அரைவேக்காடு.

அவள் அதையும் சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்தாள்.

கிண்ணத்தை எடுக்கக் குனிந்தவர், பாவம் இதையும் கவனிப்போமே என்று செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். வெள்ளையாக உப்புப் பூத்திருந்த மண் கரைந்து இளகியது. உள்ளேயிருந்து காரட் துண்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

எல்லாம் ஒரே அளவு. ஒரே சதுரம்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் தூங்குகிறவர்களுக்கு உதட்டோரம் அப்படித் துடிக்காது.

கட்டுப் போட்ட விரலால் மண்ணைத் தள்ளி, அவர் ஒவ்வொரு துண்டாக மூடினார்.