பேசாமல் வைத்த கிண்ணம்

பீரோவுக்குள் ஒளித்து வைத்திருந்த ஜிலேபிப் பொட்டலம் அகப்பட்ட நாளிலிருந்து பாகம்பிரியாள் கணவரோடு பேசுவதில்லை. சோமசேகரனுக்குச் சர்க்கரை ஜாஸ்தி.

ஆனாலும் தினமும் விடிந்ததும் அண்ணாமலையார் கோயிலுக்குக் கிளம்புமுன், முன்னறை ஸ்டூலில் ஒரு கிண்ணம் வைத்துவிட்டுப் போவாள். முளைகட்டிய பயறும் ஒரு பிடி பச்சைக் கீரையும் இருக்கும். உப்பில்லை, காரமில்லை, ஒரே கசப்பு. கோபமெல்லாம் வாயோடு சரி என்று அவர் உருகிப்போய், ஒரு பயறு விடாமல் மென்று தின்றார். தின்னும் நேரம் பார்த்து கேட்டருகே வந்து கத்தும் பசுவைக் குடைக்கம்பால் விரட்டவும் செய்தார்.

இருபதாம் நாள், கோயிலிலிருந்து திரும்பியவளிடம் லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். "சர்க்கரை கம்மியாயிடுச்சு பாகம். எல்லாம் நீ வெச்ச கிண்ணம்தான்."

அவள் முகம் மலர்ந்தது. "நான் வேண்டிக்கிட்டது வீண்போகலைங்க. நான் பேசாம இருந்தாலும், பசுவுக்குத்தான் வெச்சிருக்கேன்னு புரிஞ்சிக்கிட்டு தெனமும் உங்க கையால குடுத்தீங்க பாருங்க, அதான் பலிச்சிடுச்சு."

சோமசேகரன் வாசலைப் பார்த்தார். கேட்டின் மேல் தாடையை வைத்துக்கொண்டு பசு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லவேளை, அது யாரோடும் பேசுவதில்லை.