நசுக்காத பழம்

அவன் பழத்தை நசுக்கவில்லை.

தெருவில் அத்தனை பேரும் தக்காளியை உள்ளங்கையில் நசுக்கிய பிறகே வீசினார்கள். அந்தத் திருவிழாவுக்கு இருந்த ஒரே விதி அது. நசுக்காமல் எறிந்தால் கல்லால் அடித்த மாதிரி. ஒரு வருடம் தபால்காரருக்குக் கண்ணே போகப் பார்த்தது.

அவன் மட்டும் முழுப் பழம் ஒன்றைக் கையில் பொத்திக்கொண்டு வந்தான். தன் மேல் வந்து விழுந்த எதற்கும் பதிலுக்கு வீசவில்லை. கூட்டத்தை விலக்கி, நேராக மருந்துக்கடையை நோக்கி நடந்தான்.

கடைக்காரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா, எலி மாதிரி ஒளிஞ்சுக்கிட்டு? வருஷா வருஷம் மொத அடி உன்னோடதுதானே!" தலையிலிருந்து விதை வழிய, தங்கை உள்ளே நுழைந்தாள்.

"அந்த வேன் டிரைவர் வரான்டி."

தங்கையின் சிரிப்பு நின்றது. "வெளிய விட்டுட்டாங்களா?"

"போன வாரம்."

இரண்டு வருடத்துக்கு முன், அடைமழையில், கடை வாசலில் ஒரு வேன் பால்காரரை இடித்துவிட்டு நிற்காமல் போனது. பால்காரர் இன்றும் கட்டை ஊன்றித்தான் நடக்கிறார். ஓட்டியவன் முகத்தை ஒரு கணம் பார்த்தவள் கடைக்காரி ஒருத்திதான்.

நீதிமன்றத்தில் இவனைக் கை காட்டினாள். "நான் இல்லைங்க, நான் இல்லைங்க" என்று கடைசிவரை அழுதான். ஒன்றரை வருடம் உள்ளே போட்டார்கள்.

அந்த அழுகை அவளைத் தூங்க விடவில்லை. கொட்டுகிற மழை. மங்கிய கண்ணாடி. ஆள் மாறியிருந்தால்?

"ஷட்டரை முழுசா இறக்குக்கா!"

இழுத்தாள். தக்காளிக்குப் பயந்து வாசலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படுதா ஷட்டரில் மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தாள். அசையவில்லை.

சகதி பூசிய இரண்டு கால்கள் வாசலில் வந்து நின்றன. அவன் குனிந்து உள்ளே வந்தான். மீசையிலிருந்து சாறு சொட்டியது.

தங்கை குறுக்கே பாய்ந்தாள். "டேய், அதை அப்படியே எறிஞ்சே, ஊரு உன்னைச் சும்மா விடாது!"

அவளைச் சுற்றிக்கொண்டு வந்து கடைக்காரியின் மணிக்கட்டைப் பற்றினான்.

"எனக்கு... சரியாத் தெரியலப்பா. மழை அன்னைக்கு. தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சிரு." என்றாள் கடைக்காரி.

அவன் அவள் விரல்களைப் பிரித்தான். பழத்தை உள்ளங்கையில் வைத்தான். இரண்டடி பின்னால் போய், கைகளைத் தொங்கவிட்டு நின்றான்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் விரல்கள் பழத்தை அழுத்தின.

"நசுக்காதீங்க. அப்படியே அடிங்க," என்றான். "வண்டியில இருந்தது நான்தான்."