சிந்தசைசருக்கு ஓர் அலமாரி

வேலை போய் பெங்களூரிலிருந்து புத்தூர் வீட்டுக்கே திரும்பியிருந்த சுனில், தன் சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டிகளை மாட்டி வாசிக்க ஓர் அலமாரி கேட்டிருந்தான். அறைக்குள்ளேயே அதைச் செய்து முடித்த ஆசாரி கன்னையா மீது, சுனிலின் அப்பா ஆதிநாராயணன் எரிந்து விழுந்தார்.

"டேப் இல்லாமலா செஞ்ச? வாசக்கால ஒடச்சாதான் இது வெளிய வரும்."

"அம்மாதாண்ணா அளவு குடுத்தாங்க. வாசக்காலவிட ஒரு சாண் கூடவே இருக்கட்டும்னாங்க."

சுனிலின் அம்மா தேவயானி மறுக்கவில்லை. "அந்தப் பெட்டிங்கள உசுரா வெச்சிக்கினு இருக்கான். இத வுட்டுட்டு எங்கியும் போவமாட்டான் இல்ல?"

சுனில் மரத்தைத் தடவிப் பார்த்தான். "நல்லா வந்திருக்கும்மா. பெட்டிங்கள நேத்தே வித்துட்டேன். கனடா விசா வந்துடுச்சி."

"கன்னையா," என்றாள் தேவயானி, மகன் பக்கம் திரும்பாமல். "உள்ள நாலு தட்டு அடிச்சுடு. துணியாவது வெக்கலாம்."