மாப்பிள்ளைக்கு ஓர் அறை

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் வாசலில் நின்று பார்த்தாள். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏவிக்கொண்டிருந்தாள்.

"ரோலரை அழுத்தாதே. ஈரம் காயறதுக்குள்ள அடுத்த வரியை ஓட்டு. அப்பத்தான் திட்டுத்திட்டாத் தெரியாது."

"ரெண்டு கோட் ஆச்சு அத்தை, போதுமே," என்றாள் மருமகள்.

"அடுத்த வாரம் மாப்பிள்ளை வந்து தங்கப்போற ரூம். சுவர் ஒரே சீரா இருக்கணும்."

எதிர்வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"உங்க மகளுக்குத்தானே கல்யாணம்? அவளும் ஒரு கை பிடிக்கலாமே. பாவம், மருமகள் மட்டும் முதுகொடியச் செய்யுது."

"எனக்கு மகள் கிடையாதும்மா," என்றாள் மாமியார். "ஒரே பையன், இவ புருஷன். அவன் தவறி நாலு வருஷமாச்சு. கல்யாணம் இவளுக்குத்தான்."

மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னொரு ரோலர் இருக்குங்களா?"