ஜன்னலுக்கு வெளியே ஒரு கை

பிள்ளை பிறந்த வீட்டில், பிள்ளைக்கு ஆகாத போன் அலையை அளக்கிற மானி மாட்ட வேண்டும் என்பது சட்டம். சிவப்பு விளக்கு அணையாமல் நின்றால் பிள்ளையைக் காப்பகத்துக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். அதனால் சுவர், கதவு எல்லாவற்றுக்கும் அலை தடுக்கிற கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். போனை வாசலுக்கு வெளியே தொங்கவிட்டோம். விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது, நான் வேலை முடிந்து உள்ளே வரும்வரை.

என் மணிக்கட்டில், நான் வேலை பார்க்கிற கிடங்குக்காரர்கள் பூட்டிய பட்டை இருக்கிறது. ஒப்பந்தம் முடியாமல் கழற்ற முடியாது. அலையைக் கக்குவது அதுதான்.

"யோவ், கிட்ட வராத! செவப்பாவுது பாரு," என்றாள் என் பெண்சாதி மரகதம்.

பிரியாணி மடித்த வெள்ளித் தாளைக் கழுவிப் பட்டைமேல் சுற்றினேன். சிக்னல் கிடைக்காத பட்டை இன்னும் வேகமாகத் தேட ஆரம்பித்தது. மானி கத்தியேவிட்டது.

"கறி வாசனைக்கு அதுக்கும் பசி வந்துடுச்சு போல," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்து மகளை நான் தொட்டதே இல்லை.

பிறகு அவளேதான் வழி சொன்னாள். "அந்தக் கைய மட்டும் வெளிய வுடுய்யா."

ஜன்னல் வழியே தோள்வரை கையை வெளியே விட்டேன். ஜன்னல் கதவை என் தோள்மேல் அழுத்திச் சாத்தினாள். வலித்தது. விளக்கு பச்சைக்கு வந்தது. மகளை என் மற்றக் கையில் வைத்தாள். ஒத்தடம் கொடுத்த மாதிரி சூடு.

வெளியே பட்டை பேசியது: "வடமலை, அடுத்த ஷிப்டுக்கு ஆள் கொறையுது. கெளம்பு."

பிள்ளை என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அவ கைய நீயே எடுத்து வுடு. எனக்கு மனசு வரல," என்றாள் மரகதம்.

எடுத்துவிட ஒரு கை வேண்டும். இந்தக் கை பிள்ளைக்கு அடியில் இருந்தது. அந்தக் கை தெருவில் கத்திக்கொண்டிருந்தது.