முதல்ல என்னக்கா?

“அக்கா, முதல்ல என்ன பண்ணணும்?”

தையல்கடையில் தினமும் காலையில் தம்பி இதைத்தான் கேட்பார். அக்கா கொதித்தெழுவாள்.

“எத்தனை தடவைடா சொல்றது? மண்டையில இருக்கிறது மூளையா, பஞ்சா? துணியை ரெண்டா மடிச்சுப் போடு. நல்ல பக்கம் உள்ள போகணும். முதல்ல முதுகு, அப்புறம் முன்பக்கம், அப்புறம் கை, கடைசியா காலர்.”

திட்டிக்கொண்டே அவள் வெட்டுவாள். தம்பி தலையை ஆட்டியபடி துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். நாற்பது வயது மனிதர், இருபது வருடத் தொழில்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த தையல்காரிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாக்கா அது, தேள் கொடுக்கா? இந்த மனுஷனுக்குத்தான் சூடு சொரணை வேண்டாமா?

அடுத்தவர் விஷயம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மெஷினை மிதித்துக்கொண்டே இருவரையும் கவனித்தாள்.

ஒன்று இடித்தது. இதே தம்பி காலர் தைக்க உட்கார்ந்தால் பேச்சுக்கொடுத்தபடியே, குனிந்துகூடப் பார்க்காமல், முனை பிசகாமல் தைத்து வைத்துவிடுவார். அவருக்கா முதுகு முதலா, கை முதலா என்று மறக்கும்?

நாலாம் நாள் ஒரு வாடிக்கையாளர் சட்டையோடு வந்து சத்தம்போட்டார். போட்டால் வலது கை பின்பக்கமாக முறுக்குகிறதாம். பிரித்துப் பார்த்தால் இரண்டும் இடது கை.

“நான் வெட்டினதுதான். மன்னிச்சுக்கோங்க, புதுசா வெட்டித் தர்றேன்” என்றார் தம்பி.

“அவனை வச்சுக்கிட்டு நான் படற பாடு இருக்கே” என்றாள் அக்கா.

தையல்காரியின் கால் மெஷினில் நின்றது. துணி வெட்டும் கத்தரிக்கோலை அக்காவைத் தவிர யாரும் தொடக்கூடாது என்பது கடைச் சட்டம். முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் இவர் எதை வைத்து வெட்டினார்?

மறுநாள் தம்பி பட்டன் வாங்கப் போனார். மேஜையில் துணி விரித்துக் கிடந்தது. அக்கா சாக்கட்டியோடு அதன் முன்னால் நின்றாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். விரல்கள் மட்டும் தன்பாட்டுக்கு மேஜையில் தாளம் போட்டன. ஒரு கோடு விழவில்லை.

தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, முதல்ல முதுகுதானே?”

சாக்கட்டி பறந்து வந்து சுவரில் பட்டு உடைந்தது.

“எனக்கே சொல்லித் தர்றியா? எங்கப்பா கடைடி இது. நாளையிலேருந்து வராதே.”

அப்போதுதான் தம்பி உள்ளே வந்தார். உடைந்த சாக்கட்டியைப் பார்த்தார். தையல்காரியின் கலங்கிய கண்ணைப் பார்த்தார். ஒன்றும் நடக்காதது போல் பட்டன் பொட்டலத்தை வைத்தார்.

“அக்கா, முதல்ல என்ன பண்ணணும்? மறுபடி மறந்துட்டேன்.”

“உனக்கு என்னைக்குடா ஞாபகம் இருந்துச்சு? முதல்ல முதுகு...”

சாவி கொடுத்த மாதிரி கை ஓடியது. கோடு விழுந்தது. கத்தரிக்கோல் நேராகப் போனது.

சாயங்காலம் வாசலில் தம்பி தையல்காரியிடம் மெதுவாகச் சொன்னார்.

“அக்காவுக்கு, எங்கப்பாவுக்கு இருந்த அதே வியாதிம்மா. ஹண்டிங்டன்னு பேரு, பரம்பரையா வரும். கைகால் பெருசா ஆடறதுக்கு முன்னாடியே, வேலையை வரிசையா யோசிக்கிறதும் கோபத்தை அடக்குறதும் விட்டுப்போக ஆரம்பிச்சுடும். அக்காவா ஆரம்பிக்கணும்னா நின்னுடுவா. நாம சொல்லிக்கொடுத்தா கோபம் பொத்துக்கிட்டு வரும். ஆனா யாராவது கேட்டா, அத்தனையும் வந்துடும்.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“டாக்டர் எதிர்ல உட்காரவச்சுச் சொன்னார். அவருக்குத்தான் மூளை சரியில்லன்னு எழுந்து வந்துட்டா. தனக்கு இருக்கிறது தனக்கே தெரியாதாம். அதுவும் இதுல ஒரு பகுதிதானாம்.”

அவள் கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிட்டாள். “உங்களுக்கு, அண்ணே?”

“பரிசோதனை பண்ணிட்டேன். எனக்கு இல்லை.” அதைச் சொல்லவே அவர் கூச்சப்பட்டார். “அப்பாவைச் சோம்பேறி, சிடுமூஞ்சின்னு வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன். வியாதின்னு புரிஞ்சப்போ அவர் இல்லை. இவகிட்டயாவது திட்டு வாங்கிக்கிறேன். கத்தரிக்கோல் கையில இருக்கிற வரைக்கும் அவ கட்டிங் மாஸ்டரா இருக்கட்டும்.”

தையல்காரிக்கு வேலை போனதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல வந்து நின்றாள்.

“நேத்து வராதேன்னு சொன்னேனே, காது கேக்கலையா?” என்றாள் அக்கா.

“கேட்டுதுக்கா. தெரியாத்தனமா பேசிட்டேன். எனக்கு ஒண்ணுமே பிடிபடலை. சட்டைக்கு முதல்ல என்ன வெட்டணும்?”

தம்பி சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“இவன் ஒருத்தன் போதாதுன்னு நீ வேறயா? முதல்ல முதுகு, அப்புறம் முன்பக்கம்...”

கத்தரிக்கோல் துணியில் இறங்கியது. சட்டைக் கைகள் ஒன்று இடது, ஒன்று வலது என்று சரியாகவே வந்தன.

“மக்குங்க ரெண்டையும் வச்சுக்கிட்டு மல்லுக்கட்டறேன்” என்று பெருமூச்சு விட்டாள் அக்கா. “நான் இல்லேன்னா இந்தக் கடை ஒரு நாள் ஓடுமா?”

“ஓடாதுக்கா” என்றார்கள் இருவரும்.