நூற்றியிருபது ஜோடி பூட்ஸ்

கொழுந்து பறிக்கப் புதிதாக வந்திருந்தவளைப் பார்த்ததும் கோகிலவாணிக்கு வயிறு எரிந்தது. முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் ரப்பர் பூட்ஸ், தொப்பி வைத்த ரெயின்கோட், இரண்டு கைக்கும் உறை. போதாக்குறைக்கு உதட்டுச்சாயம் வேறு.

மகள் வர்ஷா பெட்டியின் முகப்பிலிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் பொம்மையை வெளியே இழுத்தாள். பிறந்தநாளுக்குக் கோயமுத்தூர் மாமன் அனுப்பியது. டாக்டர் பொம்மையும் பைலட் பொம்மையும் தீர்ந்துபோய், தேயிலை பறிக்கிற பொம்மைதான் கடையில் மிச்சம் இருந்ததாம்.

"அம்மா, இங்க பாருங்க! கூடை, டிபன் கேரியர், மருந்துப் பொட்டிகூட இருக்குது!"

"அதெல்லாம் இருக்கட்டும். அந்த பூட்ஸைக் கழட்டு, பாக்கலாம்."

உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். கோகிலவாணி சோலூர் பக்கத்து எஸ்டேட்டில் இருபது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். மழைக்கு இடுப்பில் ஒரு உரச்சாக்கு, அட்டைப்பூச்சிக்குக் காலில் உப்பும் புகையிலையும். அவளுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மூக்கம்மாவும் வந்து எட்டிப் பார்த்தாள். பொம்மையின் கால்களைத் திருப்பித் திருப்பித் தடவினாள்.

"ஒரு கடி இல்ல பாரு, மகராசி!" என்று பெருமூச்சு விட்டாள்.

அன்று ராத்திரியே கோகிலவாணி பொம்மையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாள். விடிந்ததும் கொழுந்து பறிக்கிற நூற்றியிருபது பெண்களும் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். கோகிலவாணி நேராக உள்ளே போய், மேனேஜர் அருண்பிரசாத்தின் மேசைமேல் பொம்மையை நிறுத்தினாள்.

"ஏனுங்க சார், இந்தப் புள்ளைக்கு இருக்கற பூட்ஸு எங்களுக்கு இல்லீங்களே?"

"இது பொம்மைம்மா!"

"பொம்மைய அட்டைப்பூச்சி கடிக்காதுங்க சார். எங்களைக் கடிக்குதுங்க."

சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். மேனேஜர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"பூட்ஸ் வர்ற வரைக்கும் ஒரு கொழுந்து கிள்ள மாட்டோமுங்க."

நல்ல மழைக்குத் துளிர்த்த கொழுந்து செடியிலேயே முற்றத் தொடங்கியது. இரண்டு நாள் முறைத்துப் பார்த்த மேனேஜர், மூன்றாம் நாள் இறங்கிவந்தார். கிளார்க் பிராங்ளினைக் கூப்பிட்டார்.

"இந்தப் பொம்மை போட்டிருக்கிற அதே பூட்ஸ், நூத்தியிருபது ஜோடி. ஹெட் ஆபீசுக்கு எழுதுங்க. தரம் ஒரு மாத்துக் குறையக் கூடாது. அப்புறம் இவங்க மறுபடியும் உக்காந்துருவாங்க."

பிராங்ளின் கவனமான ஆள். பூட்ஸை நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். பொம்மை வந்த பெட்டியையும் வாங்கிவரச் சொல்லி, அதன் அடியிலிருந்த நம்பரையும் ஒரு எழுத்து விடாமல் குறித்து அனுப்பினான்.

பெண்கள் சிரித்துக்கொண்டே மலையேறினார்கள். முதல் தடவையாக அட்டைப்பூச்சிகளைப் பார்த்து, "இன்னும் பத்து நாள்தான்டி உங்களுக்கு!" என்று கோகிலவாணி மிரட்டினாள்.

பத்தாம் நாள் சாயந்தரம் பூட்ஸ் வந்துவிட்டதாகச் சேதி பரவியது. கோகிலவாணி சோப்புப் போட்டுக் கால் கழுவி, வரிசையில் முதல் ஆளாய் நின்றாள். பிராங்ளின் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினான். கக்கத்தில் ஒரே ஒரு பார்சல். மீதி லாரியில் வரும்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவன் பார்சலைப் பிரித்தான். உள்ளே பார்த்தான். பில்லை எடுத்து இரண்டு முறை படித்தான். மறுபடியும் உள்ளே பார்த்தான்.

"சீக்கிரம் குடுங்க சார்," என்று கோகிலவாணி பூரிப்போடு வலது காலை நீட்டினாள்.

பிராங்ளின் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"காலு வேண்டாங்கக்கா... சுண்டுவிரலை நீட்டுங்க."